‘துவோ ஷாவ் ச்சியென்’ மட்டும் போதாது: சீனக் கடைகளில் எதை எங்கே கேட்பது

சீனத்தில் விலை கேட்க எல்லாரும் முதலில் கற்பது ‘துவோ ஷாவ் ச்சியென்?’ (எவ்வளவு பணம்?). சட்டை, பை, குடை என்று எண்ணி விற்கும் பொருளுக்கு இது சரி. காய், பழம், மீன் கடையில் ‘ட்ஸென்ம மாய்?’ (எப்படி விற்கிறீர்கள்?) என்பதே மேல். நம் ஊரில் “கிலோ என்ன விலை?” என்பதைப் போல, பதில் அளவோடு வரும்: ‘யி ஜின் வூ குவாய்’, அதாவது ஒரு ஜின் 5 யுவான். கையில் பழத்தை வைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டால், நிறுத்துப் பார்த்து மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவார். பக்கத்துக் கடையோடு ஒப்பிட வழியில்லை.

ஜின் என்பது கிலோ இல்லை, 500 கிராம். இது தெரியாதவருக்கு ரசீது இரட்டிப்பாகத் தெரியும். தைவானில் அதே ஜின் 600 கிராம். விலைச்சீட்டில் ‘யுவான்’ என்று இருப்பதைத்தான் வாயால் ‘குவாய்’ என்கிறார்கள்.

‘மாய்’ ஒரு வில்லங்கமான சொல். குரல் சட்டென இறங்கினால் விற்பது. தாழ்ந்து எழுந்தால் வாங்குவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் காதால்தான் பழக வேண்டும்.

பேரத்துக்கு வருவோம். பெரிய வணிக வளாகத்தில் ‘பியென்யி யி தியென்’ (கொஞ்சம் குறையுங்கள்) எடுபடாது. ‘தா ஜே மா?’ (தள்ளுபடி உண்டா?) என்று கேட்கலாம். ‘பா ஜே’ என்றால் 80 சதவீதத் தள்ளுபடி என்று துள்ளிவிட வேண்டாம்: விலையில் 80 சதவீதம் கட்ட வேண்டும், குறைவது 20தான். தெருச்சந்தையில் ‘பியென்யி’ நன்றாகச் செல்லும். தமிழ்நாட்டு வியாபாரிகளும் போகும் யிவூ மொத்தச் சந்தையில் இரண்டுமே பலவீனம். அங்கே விலை எண்ணிக்கையைப் பொறுத்தது; எண்ணிக்கையை முதலில் சொல்லுங்கள்: ‘யாவ் வூ பாய் கே, ஸுய் தீ துவோ ஷாவ்?’ (500 வேண்டும், கடைசி விலை என்ன?)

எண்களிலும் கவனம். ‘ஸான் பாய் வூ’ (சொல்லுக்குச் சொல் ‘மூன்று நூறு ஐந்து’) 305 அல்ல, 350. 305க்கு நடுவில் ‘லிங்’ (சுழியம்) வரும். தெற்கே பலர் 4ஐயும் 10ஐயும் ஏறக்குறைய ஒரே மாதிரி உச்சரிப்பார்கள். கால்குலேட்டரை நீட்டிவிடுங்கள், வெட்கமே வேண்டாம்.

பணம் கட்டும்போது ‘வோ ஸாவ் நி’ (நான் உங்கள் குறியீட்டை ஸ்கேன் செய்கிறேன்) சின்னக் கடைக்கு; தொகையை நீங்களே அடிக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் ‘நி ஸாவ் வோ’: உங்கள் போனில் உள்ள குறியீட்டை அவர்கள் ஸ்கேன் செய்வார்கள்.

வேண்டாம் என்றால், துரத்தி வரும் விற்பனையாளரிடம் ‘பு யாவ்’ போதும். கடைக்காரரிடம் அது வெடுக்கென்று இருக்கும். ‘வோ ஸாய் கான் கான்’ (இன்னும் பார்க்கிறேன்) நாகரிகம். அதையும் நீங்கள் ஒரு விலை சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் கேட்ட விலைக்கு அவர் ஒத்துக்கொண்ட பிறகு நகர்ந்தால் முகம் கடுகடுக்கும்.