சார்ஜிங் ஃபானும் ஒரு பீப் சத்தமும்

கொக்குவிலில் இருக்கும் மச்சான் நேற்றுப் போன் எடுத்தான். "உன்ர அந்தச் சார்ஜிங் ஃபான் இப்ப விலை இறங்கியிருக்கு, வாங்கட்டோ?" வேண்டாம் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். "நீதானேடா ஊர் முழுக்கப் புகழ்ந்துகொண்டு திரிஞ்சனி?" என்றான். அதுவும் உண்மைதான்.

வாங்கியது 2022 ஏப்ரலில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை நிறுத்திய காலம். சோளகக் காற்று இன்னும் பிறக்கவில்லை. வீட்டுக்குள் புழுக்கம், திண்ணைக்கு வந்தால் நுளம்பு. 18,500 ரூபாய். அப்போது கடைக்காரர் சொன்னதுதான் விலை. காசுக்குக் குறையில்லாமல் உழைத்தது. குறைந்த வேகத்தில் விட்டால் ஆறு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். கரண்ட் போனால் ஒரு சுற்றுக்கூடத் தடங்காமல் பற்றறிக்கு மாறும். பக்கத்தில் உள்ள யூஎஸ்பி துளையில் போனுக்கும் சார்ஜ் ஏற்றலாம்.

கரண்ட் திரும்பி வரும்போதுதான் சனியன் பிடிக்கும்.

இரவு இரண்டரை மணி இருக்கும். அம்மா ஒன்றில் வைத்துவிட்டு நல்ல நித்திரை. "பீஈஈப்" என்று ஒரு சத்தம், கிணற்றடிவரை கேட்கும். அதோடு ஃபான் தன்பாட்டில் மூன்றாம் வேகத்துக்குத் தாவி ஹெலிகொப்டர் மாதிரி இரையும். நுளம்புவலை பாய் விரித்த வள்ளம் போலப் புடைத்து நிற்கும். பழையபடி ஒன்றுக்குக் கொண்டுவர ஒரேயொரு பொத்தான்தான். ஒருமுறை அமத்தினால் நிற்கும், இன்னொருமுறை அமத்தினால் ஒன்று. ஒவ்வொரு அமத்தலுக்கும் ஒரு பீப். ஆக மூன்று பீப்புக்குப் பிறகு வீட்டில் யார் நித்திரை கொள்வது? இதற்குள் கண்ணைக் குத்தும் நீலச் சார்ஜ் லைட் வேறு. அம்மா அதன்மேல் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டார். ஒன்று போதாமல் இரண்டு.

அம்மா ஒன்றுக்கு மேலே போகவே மாட்டார். தொண்ணூறுகளில், யுத்த நேரம், பற்றறி இங்கே யாழ்ப்பாணத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட தலைமுறை அவர். பற்றறியை வீணாக்குவது அவருக்குச் சோற்றைக் கொட்டுவது மாதிரி. அப்படிப்பட்டவரின் தலைமாட்டில் இருந்துகொண்டு இது தானாக மூன்றுக்குப் போகிறது!

எங்கள் மண்டபத்துச் சீலிங் ஃபானின் ரெகுலேட்டர் என் வயதுக்குக் கிட்ட. திருகி இரண்டில் விட்டால், கரண்ட் பத்துத் தரம் போய் வந்தாலும் இரண்டிலேயே நிற்கும். அதற்கு ஞாபகசக்தியே தேவையில்லை, திருகு நிற்கும் இடம்தான் ஞாபகம். அந்தத் திருகை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்தவருக்கு ஒரு மின்வெட்டு இரவாவது எங்கள் வீட்டில் படுக்கக் கிடைத்திருக்க வேண்டும்.

சரி, என் பிழையையும் சொல்லவேண்டும். 2023 பெப்ரவரியில் கட்டணத்தைக் கூட்டித் தினசரி மின்வெட்டை நிறுத்தினார்கள். ஃபானை மூலையில் போட்டேன், மறந்தேன். பிறகு 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, தூசி தட்டி எடுத்தால் பத்து நிமிடத்தில் மூச்சை விட்டது. உள்ளே இருப்பது ஈயப் பற்றறி, 6 வோல்ற்று. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் ஈயசல்பேற்று இறுகிவிடும். இடைக்கிடை சார்ஜ் ஏற்றச்சொல்லிக் கையேட்டில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. நான்தான் வாசிக்கவில்லை.

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் திருத்தக் கொடுத்தேன். பெடியன் புதுப் பற்றறி போட்டான். வேகம் தாவுவதை மாற்ற ஏலாதாம், போர்ட்டிலேயே அப்படியாம். பிறகு, கறுப்பாகச் சட்டைப் பொத்தான் அளவில் இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டி, "அண்ணை, இந்தச் சத்தத்தைக் கழட்டி விடட்டோ?" என்றான். அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அதற்குக் காசுகூட வாங்கவில்லை.

போன ஞாயிறு திருத்தவேலைக்கென்று காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள். ஐந்து மணிக்கு வரும் என்றது மூன்றரைக்கே வந்துவிட்டது. பின்வளவில் ஓலை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் வேலையால் வந்து குளிக்கப்போனால் தாங்கியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏன்ரா அதைப் பிடுங்கினனி? அந்தச் சத்தம் கேட்டுத்தானே நான் மோட்டர் போடுறனான்."

பொத்தான் மாதிரியான அந்தச் சாமான் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. சனிக்கிழமை திரும்பத் திருநெல்வேலிக்குப் போகவேண்டும். பூட்டுவதற்கு 300 ரூபாய் கேட்கிறான்.