டைனிங் டேபிளுக்கடியில் பவானி ஜமக்காளம்: துணி தேறும், அகலம்தான் உதைக்கும்

டைனிங் டேபிளுக்கு அடியில் எதை விரிப்பது என்று கேட்டால், நம் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பவானி ஜமக்காளத்தை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கடையில் மடித்து அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை ஆள் உட்காரவும் படுக்கவும் நெய்தவை. நாற்காலி என்ற ஒன்று அந்தக் கணக்கிலேயே கிடையாது. அதனால் துணிக்குப் பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம், கைக்குக் கிடைக்கும் அளவுகளுக்கு ஐந்துதான்.

அளவெடுக்கும்போது டேபிளின் மேல்பலகையை அளக்க வேண்டும், கால்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அல்ல. நாற்காலி போடும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதோடு 2 அடி சேர்க்க வேண்டும். இடம் இருந்தால் இரண்டரை. உட்கார்ந்து சாப்பிடும்போது பின்கால் டேபிள் விளிம்பிலிருந்து சுமார் ஒன்றரை அடியில் நிற்கும். எழுந்திருக்கத் தள்ளும்போது 2 அடி வரை போகும். விரிப்பு அதற்குள் முடிந்துவிட்டால் பின்கால் தரையில் இறங்கிவிடும். திரும்ப முன்னால் இழுக்கும்போது அந்தக் கால் ஓரத்தில் இடித்து, துணியையும் சுருட்டிக்கொண்டு வரும். தடித்த கார்ப்பெட் என்றால் நாற்காலி சாயும். ஜமக்காளம் மெலிசு, சாயாது. ஆனால் ஓரம் சுருளுவது இதில்தான் அதிகம்.

ஆறு பேர் டேபிள் பெரும்பாலும் 5க்கு 3 அடி. நாலு பக்கமும் நாற்காலி என்றால் 9க்கு 7 வேண்டும். கடையில் 9க்கு 6 எடுத்துப் போட்டு "இதே தாராளமா போதுங்க" என்பார்கள். நீளம் போதும். அகலத்தில் பக்கத்துக்கு அரை அடி குறையும், அதுவும் நாலு பேர் உட்காரும் பக்கங்களில். அதே 9க்கு 6, டேபிளைச் சுவரோடு ஒட்டிப் போட்ட ஃபிளாட்டில் அச்சாகப் பொருந்தும்: டேபிளுக்கு 3, நாற்காலிக்கு 2, போக 1 அடி மிச்சம். டேபிள் 4க்கு இரண்டரையாக இருந்து, எதிரெதிராக இரண்டு பக்கம் மட்டும் நாற்காலி என்றால் ஜமக்காளத்தைக் குறுக்கே திருப்பிப் போடுங்கள். பக்கத்துக்கு மூன்றேகால் அடி கிடைக்கும். பார்க்கக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், உட்கார்ந்து எழச் சுகமாக இருக்கும்.

வாங்கும் முன் சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, வீட்டிலேயே கனமான ஆளை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். நாற்காலியின் நாலு காலும் கோட்டுக்குள் நின்றால் அளவு சரி.

இந்தக் கணக்கில் இன்னும் இரண்டு கழிவு உண்டு. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். நூற்றுக்கு 3 என்று வைத்தால்கூட 9 அடியில் மூன்று அங்குலத்துக்கு மேல் போய்விடும். இரண்டாவது, இரு முனையிலும் தொங்கும் குஞ்சம். தலைமாட்டு நாற்காலியின் கால் அதில்தான் சிக்கும். அதை உள்ளே மடித்து அடித்துத் தைத்துவிடுவது நல்லது, முனைக்கு ஓர் அங்குலம் குறையும். ஆக, 9 அடி கட்டாயம் வேண்டியவர்கள் ஒன்பதரை கேட்டுப் பாருங்கள்.

அகலம் கிடைக்காதபோது 9க்கு 4 இரண்டு வாங்கி இணைத்தால் 9க்கு 8 ஆகிவிடும். தையல் டேபிளின் நட்டநடுவில் நீளவாக்கில் விழும், நீளப் பக்கத்து நாற்காலிகளின் கால் அங்கே வராது. ஓரத்தின் மேல் ஓரம் ஏற்றித் தைக்கக் கூடாது, மேடு தட்டும். இரண்டு கரையையும் பக்கம் பக்கமாக வைத்து, கோணி ஊசியில் தடித்த பருத்தி நூல் கோத்து, கால் அங்குலத்துக்கு ஒரு தையலாக மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். சிக்கல் கோடுகளில் வரும். ஜமக்காளத்தின் பட்டைகள் அகலவாக்கில் ஓடுபவை. கைத்தறியில் இரண்டு உருப்படி நூல் பிசகாமல் ஒத்துப்போகாது, அகலப் பட்டை என்றால் இணைப்பில் படி விழுந்தது பளிச்சென்று தெரியும். ஒரே தறியில் அடுத்தடுத்து இறங்கிய ஜோடியாகக் கேளுங்கள். இல்லையென்றால் பொடிக் கோடு போட்டதை எடுங்கள், அரை அங்குலம் தள்ளியிருந்தாலும் கண்ணில் படாது.

துணியைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. தடித்த பருத்தி நூலை நெருக்கி அடித்த தட்டை நெசவு. சோற்றுப் பருக்கை மேலேயே கிடக்கும், காய்ந்ததும் உதறினால் போச்சு. ரோமம் வைத்த கார்ப்பெட்டில் அதே பருக்கை உள்ளே போய் எறும்பைக் கூட்டும். கோடு போட்ட சாதா ரகம் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால், ஒரு பக்கம் மங்கினால் புரட்டிப் போடலாம். செயற்கைப் பட்டு நூலில் கரை போட்ட ரகம் அழகுதான், டேபிளுக்கடியில் வேண்டாம், நாற்காலிக் கால் இழுத்தால் இழை எழும்பிவிடும். இரும்புக் குழாய் நாற்காலி என்றால் ரப்பர் புஷ் நாலும் இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். புஷ் கழன்ற குழாய், நூலை வட்டமாக வெட்டும்.

பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறியில் நெய்யக் கூடாதவற்றைச் சொல்லும் 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் ஜமக்காளம் இருக்கிறது. இருந்தும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் விற்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். மெலிசான சரக்கில் கண் கண்ணாக வெளிச்சம் ஒழுகும், நாற்காலிக்கு அது தாங்காது. ஈர வெள்ளைத் துணியால் சிவப்புப் பட்டையைத் தேய்த்தும் பாருங்கள். லேசாக ஒட்டினால் முதல் இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் தனியாக அலசினால் அடங்கும். கை சிவக்கும் அளவுக்கு வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், வெளிர்நிறத் தரைக்கு ஆகாது.

சாம்பார் சிந்தினால் கரண்டியால் வழித்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். சலவை சோப்பைப் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகும். பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும், அலசினால் பழைய நிறத்துக்கே திரும்பும். எண்ணெயைப் பாத்திரம் கழுவும் திரவம் எடுத்துவிடும், மிச்ச மஞ்சளை வெயில் எடுக்கும். கறைப் பகுதி மட்டும் மேலே தெரியும்படி மடித்து ஒன்றிரண்டு நாள் வெயிலில் வைத்தால், மற்ற இடத்துச் சாயம் வெளுக்காது.

வழவழ டைல்ஸில் டேபிள் கால்கள் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ளும், ஓரங்கள் அலையும். வலை மாதிரி இருக்கும் வழுக்காத பிவிசி விரிப்பை நாலு பக்கமும் ஓர் அங்குலம் சின்னதாக வெட்டி அடியில் போடுங்கள். தினமும் ஈரத் துணியால் தரை துடைக்கும் வீட்டில் ஓரம் நனைந்து பூஞ்சை வாடை வரும். துடைக்கும் முன் இரு பக்கத்தையும் டேபிள் கால் வரை சுருட்டிவிட்டு, தரை காய்ந்த பிறகே இறக்குங்கள்.

இதன் பெரிய குறை துவைப்புதான். 9க்கு 7 வாஷிங் மெஷினுக்குள் போகாது. நனைந்தால் ஓர் ஆள் தூக்க முடியாது, மொட்டை மாடியும் இரண்டு பேரும் வேண்டும், ஐப்பசி மழையில் மூன்று நாளானாலும் காயாது. கொடி கட்ட இடமில்லாத ஃபிளாட்காரர்கள் பிளாஸ்டிக் நூல் பாய் பக்கம் போவது மேல், துடைத்தால் முடிந்தது. கோரைப்பாயை மட்டும் போட்டுவிடாதீர்கள், நாற்காலிக் கால் பட்டுக் கோரை பிளந்துவிடும்.