தேவிபட்டினம் பக்கத்துப் பழைய மாவு மில்: மிளகாய்க்குப் போகலாம்

ஆற்று நீரில் சக்கரம் சுழன்று மாவரைக்கும் ஊர்கள் உண்டு. எங்களுக்கோ வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி! அதனால் இந்த மில் டீசல் எஞ்சினில் ஓடிப் பிறகு மின்மோட்டாருக்கு மாறியது. பெல்ட் ஓடிய பழைய சக்கரம் சுவரோரம் துருப்பிடித்து நிற்கிறது.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயை அரைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மில்லுக்காரர் ஒரு மிளகாயைக் காதருகே குலுக்குவார். விதை சலசலக்காவிட்டால், "இன்னொரு வெயில் காட்டிக் கொண்டு வாருங்கள் அக்கா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அரைத்த தூளைச் சூட்டோடு கட்டித் தரமாட்டார், பரப்பி ஆறவிட்டுத்தான் தருவார்.

கோதுமைக்குத் தனி இயந்திரம் இல்லாததுதான் எரிச்சல். மிளகாய்க்குப் பின்னால் வரிசையில் நின்றால் சப்பாத்தியே உறைக்கும். கோதுமை என்றால் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள்.