அமிர்தசரஸா, லக்னோவா? நாலு நாள், ஒரு ஊர், நல்ல சாப்பாடு

சாப்பிடுவதற்காகவே ஒருமுறை வட இந்தியா போக வேண்டும், கையில் நாலு நாள்தான் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனசுக்குள் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று ஒரு சுற்றைப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தச் சுற்றில் பாதி நேரம் வண்டியிலேயே போய்விடும், மீதி நேரம் ஓட்டல் சாப்பாடு. அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு நான் சொல்வது இதுதான்: டெல்லியில் இறங்கி, மறுநாள் காலை சதாப்தி ரயிலைப் பிடியுங்கள். வடமேற்கே போனால் சுமார் ஆறு மணி நேரத்தில் அமிர்தசரஸ். தென்கிழக்கே போனால் ஆறரை மணி நேரத்தில் லக்னோ. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் திணித்தால் இரண்டுமே வாயில் நிற்காது.

அமிர்தசரஸுக்கு அம்மாவோடு போனேன். அம்மா சைவம், முழங்கால் வலி உண்டு, தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. லக்னோவுக்கு ஒரு நண்பனும் அவன் மனைவியும் கூட வந்தார்கள். அவன் கறி இல்லாமல் சாப்பிட மாட்டான், அவர் முட்டைகூடத் தொட மாட்டார். அதனால் இரண்டு ஊரையும் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க முடிந்தது.

காலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அமிர்தசரஸின் காலைச் சாப்பாடு குல்ச்சா. நம் ஊர் உணவகங்களில் அந்தப் பெயரில் வரும் வெள்ளை ரொட்டியை மறந்துவிடுங்கள். மைதா மாவை நெய் தடவி மடித்து மடித்து அடுக்கு விழும்படி பிசைந்து, உள்ளே உருளைக்கிழங்கு, வெங்காயம், கொத்தமல்லி, காய்ந்த மாதுளை விதை எல்லாம் வைத்து, தந்தூர் அடுப்பின் உள்சுவரில் அறைந்து ஒட்டுவார்கள். வெந்ததும் கம்பியால் இழுத்து எடுத்து, அதன்மேல் ஒரு வெண்ணெய்க் கட்டியைப் போட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து ஒரு நசுக்கு. அந்த ஒரு நொடியில் மொறுமொறுவென்று இருந்த ஏடு எல்லாம் உடைந்து, வெண்ணெய் உள்ளே இறங்கிவிடும். பக்கத்தில் கொண்டைக்கடலைக் கறியும், புளித்தண்ணீரில் ஊறிய வெங்காயச் சட்னியும். புளியைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மத்தியானத்துக்குமேல் நல்ல குல்ச்சா கடைகளில் மாவு தீர்ந்துவிடும். எழுந்ததும் போய்விடுங்கள்.

லக்னோவின் காலை வேறு மாதிரி. சௌக் பகுதியில், அக்பரி கேட் பக்கம், ரஹீம் போன்ற கடைகளில் நிஹாரியும் குல்ச்சாவும். அதே பெயர்தான், ஆனால் இது வேறு குல்ச்சா, உள்ளே எதுவும் வைக்காத அடுக்கு ரொட்டி. நிஹாரி என்பது கால் பகுதிக் கறியை ராத்திரி முழுக்கச் சின்னத் தீயில் வேகவிட்டு எடுக்கும் குழம்பு. எலும்பின் பசை முழுக்கக் குழம்பில் இறங்கியிருக்கும், உதட்டில் ஒட்டும். நண்பன் இரண்டு கிண்ணம் காலி செய்தான். அவன் மனைவியை அமீனாபாத்துக்குக் கூட்டிப்போய் நேத்ராம் கடையில் பூரியும் கச்சோரியும் வாங்கிக் கொடுத்தோம். நன்றாகவே இருந்தது. ஆனால் அதைத் தின்பதற்காக ஆறரை மணி நேரம் ரயிலில் வர வேண்டியதில்லை என்று அவரே சொன்னார், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சுத்த சைவக்காரர்களுக்கு லக்னோ பாதி ஊர்தான். கூடைச் சாட் உண்டு, குங்குமப்பூ குல்ஃபி உண்டு, லால்பாக்கில் வெண்ணெய் தடவிய பன்னும் உருண்டைச் சமோசாவும் டீயும் உண்டு. குளிர்காலத்தில் போனால் மக்கன் மலாய் கிடைக்கும். பாலையும் வெண்ணெயையும் பனி விழும் ராத்திரியில் திறந்தவெளியில் வைத்து, விடியுமுன் கடைந்து எடுக்கும் நுரை அது. மண் கிண்ணத்தில் குங்குமப்பூ மஞ்சளில் குவிந்திருக்கும், வாயில் வைத்ததும் காணாமல் போகும். இதெல்லாம் சரி. ஆனால் அந்த ஊரின் சமையல்காரர்கள் 200 வருஷத்துக்கு மேலாகத் தங்கள் முழுத் திறமையையும் கொட்டியது கறியில்தான்.

அந்தத் திறமையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் சௌக்கில் டுண்டே கபாபி கடை முன்னால் ஒரு பத்து நிமிஷம் நிற்க வேண்டும். 1905-இல் ஒற்றைக் கைக்காரரான ஹாஜி முராத் அலி தொடங்கிய கடை, பெயரும் அதனால் வந்ததுதான். கலாவட்டி கபாபுக்கான கறியை பச்சைப் பப்பாளி விழுது போட்டு, சந்தனம் மாதிரி மைய அரைத்து வைத்திருப்பார்கள். தவாக்காரர் ஈரக் கையால் ஓர் உருண்டை எடுப்பார், இரண்டு விரலால் தட்டுவார், நெய்யில் நழுவ விடுவார். திருப்பும்போதுதான் பார்க்க வேண்டும். கரண்டியின் நுனி கொஞ்சம் தவறினாலும் உடைந்துவிடும், அவ்வளவு மெத்து. ஆனால் ஒன்றுகூட உடையவில்லை. பரோட்டாத் துண்டில் வைத்து வாயில் போட்டால் மெல்லுவதற்கு எதுவும் இருக்காது. பல் போன நவாபுக்காகச் செய்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கிராம்பு, ஏலம், ஜாதிபத்திரி, அப்புறம் கொஞ்சம் கரிப்புகை, இப்படி ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். சௌக்கின் பழைய கடையில் எருமைக் கறிதான். அது வேண்டாம் என்பவர்களுக்கு அமீனாபாத் கிளையில் ஆட்டுக்கறி உண்டு.

பிரியாணியும் அப்படித்தான். ஆம்பூர், திண்டுக்கல் பிரியாணி தின்று வளர்ந்த நாக்குக்கு லக்னோ பிரியாணி முதல் வாயில் ஏமாற்றம் தரும். வெள்ளையாக இருக்கும், காரம் இருக்காது, தக்காளி இருக்காது. கறி வேகவைத்த சாறிலேயே அரிசியையும் வேகவிட்டு, மூடியை மாவால் அடைத்து தம் போடுவார்கள். மூன்றாவது வாயில்தான் புரிய ஆரம்பிக்கும், ஒவ்வொரு அரிசியிலும் கறியின் சாரம் இருக்கிறது என்று. 1856-இல் ஆங்கிலேயர் லக்னோவைத் தலைநகராகக் கொண்ட அவத் ராஜ்யத்தைப் பறித்துக்கொண்டு நவாப் வாஜித் அலி ஷாவைக் கல்கத்தாவுக்கு அனுப்பியபோது சமையல்காரர்களும் கூடப் போனார்கள். உருளைக்கிழங்கு வைத்த கல்கத்தா பிரியாணி இந்தப் பிரியாணியின் வழி வந்ததுதான்.

கைத்திறமை என்று பார்த்தால் லக்னோவுக்குத்தான் முதலிடம், சந்தேகமில்லை. 2025-இல் யுனெஸ்கோ உணவுக் கலைக்கான படைப்பு நகரங்களில் ஒன்றாக லக்னோவைச் சேர்த்தது. ஹைதராபாத்துக்கு அடுத்து இந்தியாவில் அந்தப் பட்டியலில் சேர்ந்த ஊர் இதுதான்.

பார்க்க வேண்டியவற்றில் லக்னோவில் படா இமாம்பாரா ஒன்று போதும். 1784-இல் பஞ்சம் வந்தபோது, ஜனங்களுக்கு வேலை கொடுத்துச் சோறு போடுவதற்காக நவாப் ஆசஃப் உத் தௌலா கட்ட ஆரம்பித்தது. நடு மண்டபம் சுமார் 50 மீட்டர் நீளம், தாங்குவதற்கு நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஒரு முனையில் தீக்குச்சி உரசினால் மறுமுனையில் கேட்கிறது. வேலையாட்களுக்காகப் பெரிய அண்டாக்களில் அரிசி, கறி, மசாலா எல்லாம் ஒன்றாகப் போட்டு, மாவால் வாயை அடைத்து ராப்பகலாக வேகவிட்டார்கள் என்றும், ஒருநாள் நவாப் அந்த வாசனைக்கு மயங்கி தம் சமையலை அரண்மனைக்குள் கொண்டுபோனார் என்றும் ஊரில் சொல்கிறார்கள். வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் அந்த மண்டபத்தில் நிற்கும்போது எனக்கு அமிர்தசரஸ் ஞாபகம் வந்தது. அங்கேயும் சமையல் பசித்தவர்களுக்கான அண்டாவில்தான் ஆரம்பிக்கிறது. இங்கே அந்த அண்டா அரண்மனைக்குள் போய்விட்டது. அங்கே இன்னும் வெளியே இருக்கிறது.

பொற்கோயிலின் லங்கரைப் பற்றி, எல்லோருக்கும் சோறு போடும் அந்தப் பொதுப் பந்தியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு நாளைக்கு ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் வரை சாப்பிடுகிறார்கள், ராத்திரி பகல் என்று இல்லை, காசு கிடையாது, நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. தலையில் துணி கட்டி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனால் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு வரும். நீளமான பாய் விரிப்பில் வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும். பருப்பு, ஒரு காய், ரொட்டி, பாயசம். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும், தட்டில் போட மாட்டார்கள். சீக்கியர்களின் மூன்றாவது குருவான அமர்தாஸ் காலத்திலிருந்து முதலில் பந்தியில் உட்கார், அப்புறம் குருவைப் பார் என்பது வழக்கம். அரசனாக இருந்தாலும் பக்கத்தில் கூலிக்காரர் இருப்பார். பந்தியில் யார் யாரோடு உட்காரலாம் என்பதற்காக எவ்வளவு சண்டை போட்ட ஊர்களிலிருந்து நாம் வருகிறோம்! அங்கே உட்கார்ந்தபோது தொண்டை அடைத்தது, மறைக்க விரும்பவில்லை.

சாப்பிட்டுக் கிளம்பும்போது வெளித் தாழ்வாரத்தில் பூண்டு உரிக்கும் கூட்டத்தை அம்மா பார்த்தாள். முழங்கால் வலி என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் எழுபது வயசுக்கு மேலான ஒரு சர்தார்னிப் பாட்டி. அம்மா நகத்தால் உரிப்பதைப் பார்த்துவிட்டு, "பெஹன்ஜி" (சகோதரி) என்று கூப்பிட்டு, பூண்டைத் தரையில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினால் தோல் தானாகக் கழல்வதைக் காட்டினார். அம்மா பதிலுக்குத் தமிழில் ஏதோ சொன்னாள். பாட்டி பஞ்சாபியில் ஏதோ சொன்னார். ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. நான் கூப்பிட்டபோது, "இரு, இந்தக் கூடை முடியட்டும்" என்றாள் அம்மா. பாட்டி என்னைப் பார்த்து, "நீயும் உட்கார், புத்தர்" என்று கையைக் காட்டினார். பஞ்சாபியில் புத்தர் என்றால் மகனே என்று அர்த்தம். உட்கார்ந்தேன்.

அந்த ஊரின் இன்னொரு பக்கத்தையும் பார்க்காமல் வரக்கூடாது. கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13 அன்று 1,650 குண்டுகள் சுட்ட இடம், சுவரில் தடங்கள் இன்னும் இருக்கின்றன. பழைய டவுன் ஹாலில் 2017-இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகம். இரண்டையும் பார்த்துவிட்டுக் கேசர் தா தாபாவுக்குப் போங்கள். 1916-இல் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஷேக்குபுராவில் ஆரம்பித்து, 1947-இல் அமிர்தசரஸுக்கு இடம் மாறிய சைவக் கடை. ராத்திரி முழுக்க வெந்த கறுப்பு உளுந்துப் பருப்பு, மேலே நெய் மிதக்கும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பார்த்த சாமான்களும், எல்லை தாண்டி வந்து மறுபடி அடுப்பு மூட்டிய இந்தக் கடையும் ஒரே கதை என்பது அந்தத் தட்டின் முன்னால் உட்காரும்போதுதான் உறைக்கும். கறி சாப்பிடுகிறவர்களுக்குக் கடலைமாவும் ஓமமும் போட்டுப் பொரித்த மீன் இருக்கிறது. அட்டாரி எல்லையில் நடக்கும் கொடியிறக்கத்துக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும். நேரம் குறைவு என்றால் விட்டுவிடலாம்.

பழைய டெல்லியைக் கேட்பார்கள். விமானத்துக்கு நடுவில் ஒரு ராத்திரி மட்டும் இருந்தால் ஜாமா மஸ்ஜித் பக்கம் 1913-இலிருந்து இருக்கும் கரீம் கடையும் சாந்தினி சௌக்கும் போதும். மெட்ரோவிலேயே போய் வந்துவிடலாம். ஆனால் நெரிசல் வயசானவர்களுக்கு ஆகாது. காசியை இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். நகரத்தார் சத்திரமும், பாரதி சின்ன வயசில் இருந்த அனுமன் கட்டமும் உள்ள ஊர் அது. நாம் அங்கே போவது வேறு காரியத்துக்கு. போனால் காலையில் கச்சோரி, ஜிலேபி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எப்போது போவது? இரண்டு ஊருக்குமே நவம்பர், பிப்ரவரி, மார்ச் நல்ல மாசங்கள். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் பனிமூட்டம். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், நாலு நாள் பயணத்தில் ஒரு நாள் போய்விடும். மே, ஜூன் வெயில் தாங்காது. லக்னோ பக்கத்து மலிஹாபாத்தின் தசேரி மாம்பழத்துக்காக அந்த வெயிலையும் பொறுப்பேன் என்பவர்கள் ஜூன் கடைசியில் போகலாம்.

இனி என் தீர்ப்பு. நாலு பேரும் கறி சாப்பிடும் நண்பர்களாக இருந்து, சாயங்காலத் தெருக்களில் நின்று நின்று தின்ன உடம்பில் தெம்பும் இருந்தால் லக்னோ. அந்தக் கபாபுக்கு இணையாக இந்தியாவில் நான் வேறெதையும் சாப்பிட்டதில்லை. அப்பா அம்மாவோடு போகிறீர்கள், குழந்தைகள் உண்டு, சைவம் அசைவம் கலந்த குடும்பம், அல்லது வடக்கே போவது இதுதான் முதல் தடவை என்றால், யோசிக்காமல் அமிர்தசரஸ். லக்னோவில் நீங்கள் கடைசிவரை வாடிக்கையாளர்தான், நல்ல மரியாதை உள்ள வாடிக்கையாளர். சின்னக் குழந்தையைக்கூட 'ஆப்', அதாவது 'நீங்கள்' என்று அழைக்கும் ஊர் அது. அமிர்தசரஸில் சாப்பிட்டு எழுந்ததும் சமையல் பக்கம் போய்விடலாம். எனக்கு அந்த வித்தியாசம் பெரிது.

கிளம்பும் நாள் கோயில் பக்கத்துக் கடைவீதியில் அமிர்தசரஸ் வடி வாங்கினோம். உளுந்தை அரைத்து, மிளகும் தனியாவும் தூக்கலாகப் போட்டு வெயிலில் காயவைத்த உருண்டைகள். கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம கறிவடகம் மாதிரிதானே" என்று அரைக்கிலோ போடச் சொன்னாள் அம்மா. அடுத்த வாரம் அதை வத்தக்குழம்பில் போட்டாள். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே பூண்டை அம்மியோரம் வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தித்தான் உரித்தாள்.