குளிர்நீர்க் காபி ஜாடி: வயிற்றெரிச்சல் உள்ளவர்கள் வாங்கலாமா?

ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, நடுவில் நீளமான சல்லடைக் குழாய், அவ்வளவுதான். கொரகொரப்பாக அரைத்த தூளைப் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஃபிரிட்ஜில் 12 முதல் 18 மணி நேரம் வைத்தால் டிகாக்‌ஷன் தயார்.

எனக்கு நெஞ்செரிச்சல் நன்றாகவே குறைந்தது. ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற மாதிரி 'அமிலமே இல்லாத காபி' எல்லாம் கிடையாது. அமிலத்தின் வீரியத்தைக் காட்டும் பிஹெச் அளவு சூடான காபிக்குக் கிட்டத்தட்ட சமம்தான், மொத்த அமிலம் மட்டும் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது. காபி என்றாலே காஸ்ட்ரின் ஹார்மோனைத் தூண்டி வயிற்றில் அமிலம் சுரக்க வைக்கும், காஃபீன் நீக்கிய காபிகூட இதைச் செய்யும், போதாக்குறைக்குக் காஃபீன் உணவுக்குழாயின் அடியிலுள்ள தசையைத் தளர்த்திவிடுவதால் அமிலம் மேலே ஏறுகிறது, அதனால் எந்த ஜாடி வாங்கினாலும் வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள்! நன்றாகக் கருக வறுத்த தூள் சிலருக்கு இன்னும் ஒத்துக்கொள்ளும். பால் சேர்த்தால் மட்டும் வயிறு உப்புகிறதா? அப்படியானால் சந்தேகம் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை மேல்தான் வர வேண்டும், ஜாடி என்ன செய்யும்.

குறை என்றால் சல்லடையின் அடிமடிப்பில் தூள் சிக்கிக்கொள்கிறது, பழைய பல் பிரஷ் இல்லாமல் வராது. நைஸ் தூள் போட்டால் அடியில் சேறு மாதிரி தங்கும். அப்புறம், இறங்குவது கெட்டி டிகாக்‌ஷன், தண்ணீர் கலந்தே குடியுங்கள்.