ஆலை வீட்டுக்கு மின் நிறுவனம் தரும் ஊக்கத்தொகை: வாங்கியவரின் மதிப்பீடு

எங்கள் படுக்கையறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. வீட்டைக் கட்டிய ஆலையின் முகவரி, கூரை தாங்கக்கூடிய பனிச்சுமை, வீடு எந்தக் காற்று மண்டலத்துக்கும் எந்த வெப்ப மண்டலத்துக்கும் ஏற்பக் கட்டப்பட்டது என்ற விவரம் எல்லாம் அதில் அச்சிடப்பட்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் உள்ளங்கையில் பாதியளவே உள்ள எனர்ஜி ஸ்டார் ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது; வீடு எரிசக்தியைச் சேமிக்கும் தரத்தில் கட்டப்பட்டது என்பதற்கான சான்று அது. ஒரெகான் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் இந்த வீட்டை வாங்கியபோது, எங்கள் பகுதி மின் கூட்டுறவு எங்களுக்கு ரிபேட் என்ற பெயரில் ஒரு தள்ளுபடித் தொகையும், எங்களுக்கு வீட்டை விற்ற டீலருக்குத் தனியாக ஒரு தொகையும் கொடுத்தது அந்த ஸ்டிக்கரை வைத்துத்தான். அந்தத் திட்டத்தைப் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மேனுஃபேக்சர்டு ஹோம் என்று சொல்லப்படும் இந்த ஆலை வீடு, முழுவதுமாக ஓர் ஆலைக்குள் இரும்புச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டு, லாரியில் இழுத்துவரப்பட்டு, மனையில் வைத்துப் பொருத்தப்படுவது. எங்களுடையது இரண்டு பாதிகளாக வந்தது. 1976 ஜூன் 15-இலிருந்து இவை ஹட் எனப்படும் வீட்டுவசதித் துறையின் விதிகளின்படியே கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பாதியின் வெளிப்புறத்திலும் அதற்கான சிவப்பு உலோகத் தகடு அறையப்பட்டிருக்கும். நாடு முழுவதும் 2 கோடிக்கும் மேற்பட்டோர் இவற்றில் வாழ்கிறார்கள். மனையிலேயே கட்டப்படும் வீட்டை வாங்க வழியில்லாதவர்களுக்கு இதுவே சொந்த வீடு. வாங்குபவர்களில் பெரும்பாலோர் மாதத் தவணையை மட்டுமே கணக்குப் பார்த்து வாங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். தவணையோடு சேர்த்து மாதாமாதம் வரப்போகும் மின் கட்டணமும் வீட்டின் விலைதான் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

டீலரின் திடலில் பத்துப் பதினைந்து மாதிரி வீடுகள் வரிசையாக நின்றன. எல்லாருடைய கண்ணும் சமையல் மேடையின் கல்லிலும், குளியலறையின் அகலத்திலும், ஹாலின் உயரத்திலும்தான் போகிறது. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர் யாருமில்லை. கேட்டாலும் பார்க்க முடியாது. அந்தத் திடலில் எங்களுக்கு வீடு காட்டிய பெண்மணி, நாங்கள் கேட்காமலேயே எரிசக்தி சேமிக்கும் வகை வீட்டைப் பற்றிப் பேசினார். ஆலைக்கு அனுப்பும் ஆர்டர் தாளை மேசையில் விரித்து, சுவருக்கு ஆர்-21, தரைக்கு ஆர்-33, கூரைக்கு ஆர்-40 என்று எழுதியிருந்த வரிகளைப் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஆர் என்பது வெப்பம் கடந்துபோவதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு. எண் கூடக்கூடக் காப்பு கூடும். ஆர்-21 காப்புப் பஞ்சு சுவருக்குள் நசுங்காமல் நிற்க வேண்டுமென்றால் சுவரின் மரச்சட்டமே அகலமானதாக இருக்க வேண்டும். வீடு கட்டி முடிந்து பத்து ஆண்டு கழித்துக் கையில் பணம் சேர்ந்தாலும், சுவரைப் பெயர்க்காமல் இதை மாற்ற இயலாது.

இந்த வகையை விற்பதில் உங்களுக்கு ஏதாவது கிடைக்கிறதா என்று அவரிடம் நேரடியாகவே கேட்டேன். தயங்காமல் ஆம் என்றார். இப்படிப்பட்ட வீடு விற்கும் ஒவ்வொரு முறையும் மின் கூட்டுறவு டீலருக்கு ஒரு தொகை அனுப்புகிறது, அதில் ஒரு பங்கு விற்றவருக்கு வரும் என்று சொன்னார். என் மனைவிக்கு அது உறுத்தியது. நமக்கு நல்லது என்பதற்காகச் சொல்கிறாரா, காசுக்காகச் சொல்கிறாரா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அப்போது என்னிடம் தெளிவான பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது: இந்தத் திட்டத்தில் மிகச் சரியாகச் செலவிடப்படும் பணம் டீலருக்குப் போகும் அந்தப் பணம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டின் தலையெழுத்து அந்த மேசையில், ஆர்டர் தாளில் பேனா ஓடும் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் வாங்குபவரின் பக்கத்தில் இருப்பவர் டீலர் ஒருவர்தான். அவர் அந்த வரிகளைக் காட்டாமல் சமையல் மேடைக் கல்லின் நிறத்துக்குத் தாண்டிப் போயிருந்தால், நாங்களும் கேள்வி கேட்காமல் தாண்டிப் போயிருப்போம்.

இதைச் சட்டம் போட்டுச் செய்யக் கூடாதா என்ற கேள்வி எழலாம். அதற்கு வழி மிகக் குறுகலானது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலை வீடுகளுக்கு மத்திய அரசின் விதி ஒன்றுதான் செல்லும். மாநிலங்களும் நகராட்சிகளும் தங்கள் கட்டட விதிகளை இவற்றின்மேல் சுமத்த முடியாது. ஒரெகானிலும் வாஷிங்டனிலும் மனையில் கட்டும் வீடுகளுக்குக் கடுமையான எரிசக்தி விதிகள் இருக்கின்றன, ஆனால் பக்கத்து மனையில் இறக்கப்படும் ஆலை வீட்டை அவை தொடுவதில்லை. ஹட் விதியின் வெப்பக் காப்பு அளவுகளோ 1994-இல் திருத்தப்பட்டவை. எரிசக்தித் துறை புதிய அளவுகளை வகுக்க வேண்டுமென்று 2007-இல் ஒரு சட்டம் வந்தது. அந்த அளவுகள் வெளியானது 2022-இல். பிறகும் அவற்றை நடைமுறைப்படுத்தும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. குளிரில் நடுங்கும் வீட்டில் இருப்பவர்கள் இத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்க நேர்ந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. விதியால் கட்டாயப்படுத்த முடியாத இடத்தில் மின் நிறுவனத்தின் கையிலிருக்கும் ஒரே கருவி ஊக்கத்தொகை.

ஒரு மின் நிறுவனம் குறைவாக மின்சாரம் வாங்கச் சொல்லிப் பணம் தருவது விந்தையாகத் தோன்றலாம். கொலம்பியா ஆற்றுப் படுகையின் கதை தெரிந்தால் அது விந்தையாக இராது. இந்தப் பகுதியின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணைகளிலிருந்து வருகிறது. 31 மத்திய அரசு அணைகளின் மின்சாரத்தை போனவில் மின் நிர்வாகம் என்ற மத்திய அரசு அமைப்பு விற்கிறது. மலிவான மின்சாரம் கிடைத்ததால் இங்கே வீடுகளை மின்சாரத்தாலேயே சூடாக்கிப் பழகிவிட்டார்கள். தேவை பெருகிக்கொண்டே போகும் என்று எண்ணி வாஷிங்டனில் ஐந்து அணு உலைகளைக் கட்டத் தொடங்கிய பொது மின் அமைப்பு, அவற்றில் இரண்டுக்காக வாங்கிய 225 கோடி டாலர் கடன் பத்திரங்களை 1983-இல் திருப்பித் தர இயலாமல் கைவிரித்தது. அதற்கு முன்பே, 1980-இல் வந்த வடமேற்கு மின் சட்டம், புதிய மின் நிலையம் கட்டுவதற்கு முன் சேமிப்பையே முதல் மின் ஆதாரமாகக் கருத வேண்டும் என்று விதித்திருந்தது. ஒரு வீட்டின் சுவரில் வைக்கும் பஞ்சும் ஒரு மின் நிலையம்தான் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது.

அந்தக் கணக்கு மிகத் துணிச்சலாகச் செயல்பட்டது 1992-இல். வடமேற்குப் பகுதியின் மின் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, மின்சாரத்தால் சூடாக்கப்படும் வீடு ஒவ்வொன்றையும் உயர்ந்த காப்புடன் கட்டினால் வீட்டுக்கு 2,500 டாலர் என்று ஆலைகளுக்கே நேரடியாகக் கொடுத்தன. வாங்குபவர் படிவம் நிரப்ப வேண்டியதில்லை. டீலர் வாதாட வேண்டியதில்லை. ஆலையில் வரிசையாக நகரும் வீடுகள் எல்லாமே ஒரே தரத்தில் வெளிவந்தன. சில ஆண்டுகளில் அந்தப் பெரிய தொகை நின்றது. எல்லா வீடும் என்ற நிலையும் அதோடு போயிற்று. ஆனால் ஆலைகள் அந்தத் தரத்தில் கட்டக் கற்றுக்கொண்டிருந்தன. இன்று நீம் என்று அழைக்கப்படும் வடமேற்குத் திட்டம் அந்த மரபில் வந்தது. எங்கள் அலமாரியில் உள்ள ஸ்டிக்கருக்கு மூலம் அதுவே. ஒரெகான், வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா ஆகிய நான்கு மாநிலங்களுக்கான ஆலை வீடுகளை அது சான்றளிக்கிறது.

இனி எங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். டீலருக்கு உரிய தொகை, வீடு மனைக்கு வந்த அடுத்த மாதமே அவருக்குப் போய்விட்டதாக அந்தப் பெண்மணி சொன்னார். எங்களுக்கு வர வேண்டியது ஐந்து மாதம் எடுத்தது. விற்பனை ஒப்பந்தத்தின் நகல், அலமாரித் தாளின் படம், ஸ்டிக்கரின் படம், மின் இணைப்பு எண், நிரந்தர அடித்தளத்தில் வீடு வைக்கப்பட்டதற்கான கையொப்பம் என்று கேட்ட எல்லாவற்றையும் அனுப்பினோம். ஒருமுறை விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டு பாதிகளாக வரும் வீட்டின் வரிசை எண்ணில் ஒரு பாதிக்கு ஏ, மறு பாதிக்கு பி என்று எழுத்து சேர்ந்திருக்கும். ஒப்பந்தத்தில் இரண்டும் இருந்தன, படிவத்தில் ஒன்றுக்குத்தான் கட்டம் இருந்தது, எண்கள் பொருந்தவில்லை என்று நிராகரித்திருந்தார்கள். ஆலை வீடுகளுக்கென்றே வகுக்கப்பட்ட படிவத்தில் இப்படி ஒரு குறை இருக்கக் கூடாது. இறுதியில் வந்த காசோலை எங்கள் ஒரு மாதத் தவணையைவிடச் சற்று அதிகம். வேண்டாம் என்று சொல்லும் தொகை அல்ல, ஆனால் எங்கள் முடிவை அது மாற்றவும் இல்லை. அது வரும்போது நாங்கள் அந்த வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்து முடித்திருந்தோம்.

அந்த முதல் குளிர்காலத்தில்தான் திட்டத்தின் பெரிய குறையைக் கண்டுகொண்டேன். டிசம்பரில் ஹாலும் சமையலறையும் உள்ள பாதி இதமாக இருந்தது. படுக்கையறைகள் உள்ள பாதி சூடாகவே இல்லை. தெர்மோஸ்டாட்டில் வெப்ப அளவை ஏற்ற ஏற்ற மீட்டர் ஓடியதுதான் மிச்சம். ஒரு சனிக்கிழமை காலை, வீட்டைச் சுற்றி அடித்திருந்த ஸ்கர்ட்டிங் பலகையில் ஒன்றைக் கழற்றி, டார்ச்சுடன் உள்ளே ஊர்ந்து போனேன். இரண்டு பாதிகளின் காற்றுக் குழாய்களையும் அடியில் இணைக்கும் வளைகுழாய், ஒரு முனையில் அதை இறுக்கிப் பிடிக்கும் பட்டை கழன்று, ஈரமண்ணில் படுத்துக் கிடந்தது. சூடான காற்று அதன் வாயிலிருந்து புஸ் என்று தரையில் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் மண் காய்ந்து வெளுத்திருந்தது. ஆர்-33 தரையின் மேல் நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, எங்கள் காசு அடியில் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

வீட்டை மனையில் பொருத்திய குழுவின் கவனக்குறைவு அது. அவர்கள் பிறகு வந்து சரிசெய்தார்கள்; புதுப் பட்டை போட்டு, குழாயை மண்ணில் படாமல் தொங்கவிட்டார்கள், அன்று மாலையே படுக்கையறை சூடாயிற்று. ஆனால் என் கேள்வி மின் கூட்டுறவுக்கானது. ஆலைக்குள் குழாய்களில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று சோதித்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அதன்பின் வீடு பாதிகளாகப் பிரிந்து நூறு மைல் அதிர்ந்து வந்து, வேறு ஆட்களின் கையால் ஒட்டப்படுகிறது. எங்கள் மனைக்கு அந்த நிலையில் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு வரிசை எண்ணின் ஏ, பி எழுத்துகளைச் சரிபார்த்தவர்கள், ஒரு ஆளை ஒரு மணி நேரம் அனுப்பி அந்த வளைகுழாயைச் சோதித்திருந்தால் நாங்கள் மட்டுமல்ல, அவர்களும் தாங்கள் கொடுத்த பணத்துக்கு உரிய சேமிப்பைப் பெற்றிருப்பார்கள். என் யோசனை எளிமையானது: வாங்குபவருக்குத் தாமதமாக அனுப்பும் காசோலையை விட்டுவிட்டு, அந்தப் பணத்தை வீடு பொருத்தும் குழுவுக்கு, மனையில் கசிவுச் சோதனையில் தேறிய பிறகு கொடுக்கலாம்.

சூடாக்கும் கருவியைப் பற்றியும் ஒரு சொல். ஆலையிலிருந்து வழக்கமாக வருவது மின்கம்பிச் சுருளால் சூடாக்கும் அடுப்பு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே அதனால் தர முடியும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுப்பதால், இந்தப் பள்ளத்தாக்கின் மிதமான குளிரில் அதே மின்சாரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு வெப்பம் தருகிறது. கூட்டுறவு இதற்குத் தனி ரிபேட் தருகிறது, அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆலைக்குப் போகும் இன்னொரு பணமும் உண்டு. எனர்ஜி ஸ்டார் தரத்தில் கட்டும் ஆலை வீட்டுக்கு 2,500 டாலரும், அதைவிட உயர்ந்த ஜீரோ எனர்ஜி ரெடி தரத்துக்கு 5,000 டாலரும் மத்திய அரசின் வரிச் சலுகையாக 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. 1992-இல் மின் நிறுவனங்கள் செய்ததற்கு நெருக்கமான ஏற்பாடு இது, ஏனென்றால் சலுகை கட்டுபவருக்கே போகிறது. 2025-இல் வந்த சட்டம் அதை முடித்துவைத்தது. 2026 ஜூன் 30-க்குப் பின் வாங்கப்படும் வீடுகளுக்கு அது கிடையாது. அதன்பின் மின் நிறுவனத்தின் ஊக்கத்தொகைமேல் விழும் பாரம் கூடும் என்பதால்தான், அந்தத் தொகை யார் கைக்கு எப்போது போகிறது என்பதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன்.

வாங்க எண்ணுபவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, வீடு வரப்போகும் மனைக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நிறுவனம், அந்தப் பக்கம் வேறொன்று என்று இருப்பது இங்கே சாதாரணம், தொகையும் நிபந்தனையும் வேறுபடும். ஆர்டர் தாளில் அந்த மூன்று ஆர் எண்களும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள், வாய்ச்சொல் போதாது. சென்ற ஆண்டு என் அலுவலக நண்பர் ஒருவர் இதே போன்ற வீட்டை வாங்கியபோது, வீடு பொருத்தும் நாளில் நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்கர்ட்டிங் அடிக்கும் முன் அடியில் படுத்துப் பார்த்தோம். வளைகுழாயின் ஒரு முனையில் பட்டை இறுக்கப்படாமல் இருந்தது. குழுவின் தலைவரிடம் காட்டினோம். அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, இரண்டு நிமிடத்தில் இறுக்கிவிட்டார்.