"வீட்டுக்காரரே கையெழுத்துப் போடலாம்" என்று சொல்லும் வயரிங் ஆளை நம்பாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டை இழுத்துக் கட்டுகிறவர்களும் பழைய வயரிங்கை மாற்றுகிறவர்களும் இதை முழுதாகப் படியுங்கள். என் அக்கா வீட்டில் நடந்தது. ஆளின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும்.

அக்கா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். தோட்டத்து லயத்தை விட்டு வந்து தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். அப்புறம் இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டினார். கட்டட வேலை செய்தவரே வயரிங்குக்கும் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். நம்ம ஆள்தான், வாய் நிறைய அக்கா அக்கா என்று பேசுவார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு பச்சை அட்டையை எடுத்து நீட்டினார். அது சிஐடிபி அட்டை. கட்டுமான இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கான பதிவு அட்டை அது, செங்கல் தூக்குகிறவரிடமும் இருக்கும். மின்சார வேலை தெரியும் என்பதற்கு அது அத்தாட்சியே இல்லை. 3,800 வெள்ளி (ரிங்கிட்) பேசி, பாதிக்கு மேல் முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

வேலை முடிந்ததும், வீட்டுக்குள் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டியில், மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழ ஆரம்பித்தது. ரைஸ் குக்கர் போட்டால் விழும், வாஷிங் மெஷின் ஓடினால் விழும். கூப்பிட்டதும் வந்தார். பெட்டியைத் திறந்து ஏதோ செய்துவிட்டு, "ஆர்சிசிபி வீக்கா இருந்துச்சி, சரி பண்ணிட்டேன்" என்று மேலும் 150 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு அது விழவே இல்லை.

அக்கா மகன் தொழிற்பயிற்சிக் கழகத்தில் எஸ்கேஎம் என்ற திறன் சான்றிதழுக்கு எலக்ட்ரிக்கல் படிக்கிறான். வேலை முடிந்ததற்கும் சோதனை செய்ததற்கும் தர வேண்டிய பாரங்களான போராங் ஜி, போராங் எச் எங்கே என்று அவன்தான் கேட்டான். அதற்கு அந்த ஆள் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. "சொந்த வீடுதானே, வீட்டுக்காரரே கையெழுத்துப் போடலாம். நீ எஸ்கேஎம் படிக்கிற பையன், உன் பேரையே எழுதிடுவோம்" என்று பையன் பெயரைப் பாரத்தில் நிரப்பியே கொண்டு வந்துவிட்டார். பையன் கையெழுத்துப் போடவில்லை. வாத்தியாரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். அதோடு அந்த ஆளின் போன் அடங்கிவிட்டது.

நம் நாட்டில் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும்தான் அடிப்படை. வயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்தின், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவின், தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் மேற்பார்வையிட வேண்டும். வேலை முடிந்ததற்கு அவர் தரும் சான்றுதான் போராங் ஜி. சோதனை செய்ததற்கான சான்று போராங் எச். சோதனை செய்ய ஆணையம் அனுமதித்த வயர்மேன் மட்டுமே அதில் கையெழுத்திடலாம். ஒற்றை ஃபேஸுக்கு மட்டும் சான்று பெற்றவர் மூன்று ஃபேஸ் வேலைக்குக் கையெழுத்துப் போட முடியாது. எஸ்கேஎம், டிப்ளோமா, ஏன், டிகிரியே இருந்தாலும் ஆணையத்தின் சான்று தனியாக வேண்டும். சொந்த வீடு என்பதற்காக யாருக்கும் விலக்கு கிடையாது. வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளரும் ஆணையத்தில் மின் குத்தகையாளராகப் பதிந்திருக்க வேண்டும். ஆக, வயர்மேனின் தகுதிச் சான்று, குத்தகையாளரின் பதிவுச் சான்று ஆகிய இரண்டு தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், இரண்டிலும் பெயரையும், பதிவுச் சான்றில் காலாவதித் தேதியையும் பாருங்கள். ஆணையத்தின் இணையத்தளத்திலும் தேடிப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட ஆட்கள் துணிந்து ஏமாற்ற ஒரு காரணம் இருக்கிறது. புது மீட்டர் வேண்டும், மூன்று ஃபேஸுக்கு மாற வேண்டும் என்றால் பதிவு பெற்ற குத்தகையாளர் வழியாகத்தான் மின்சாரம் வழங்கும் டிஎன்பி நிறுவனத்திடம் விண்ணப்பம் போகும், அங்கே பாரம் இல்லாமல் நடக்காது. பின்பக்கம் நாலு பிளக் பாயிண்ட் கூட்டினால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நாம் கேட்டால்தான் உண்டு.

கொஞ்ச நாளில் குளியலறைக் குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று அக்கா சொன்னார். உடனே வாட்டர் ஹீட்டரைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஈப்போவிலிருந்து பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை வரவழைத்தோம். அவர் முதலில் ஆர்சிசிபியில் டி என்று போட்டிருக்கும் பொத்தானை அழுத்தினார். நெம்புகோல் டக்கென்று கீழே விழுந்தது. ஆனால் கூடத்தில் காற்றாடி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு முதலில் புரியவில்லை. மூடியைக் கழற்றிக் காட்டினார்: மெயின் சுவிட்சிலிருந்து வயரை நேராக ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள எம்சிபி சுவிட்சுகளுக்குக் கொடுத்து, ஆர்சிசிபியைச் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்கே பாதுகாப்பு இல்லை. ஹீட்டரைத் திறந்தால், பச்சை எர்த் வயரை மடக்கிக் கருப்பு டேப் சுற்றி ஒளித்திருந்தார்கள். ஹீட்டருக்குத் தனியாக இருக்க வேண்டிய, 10 மில்லியாம்ப் கசிவுக்கே விழும் ஆர்சிசிபியும் இல்லை.

அப்புறம் வயரின் தோல் (காப்பு) நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் மெகர் கருவியை வைத்துச் சோதித்தார். குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டிய இடத்தில் முள் ஏறவே இல்லை. புதுச் சமையலறையில் ஒரு பிளக் பாயிண்டின் இரும்புப் பெட்டிக்குள் கருப்பு வயர் ஸ்குருவில் நசுங்கி, தோல் உரிந்து பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆர்சிசிபி அத்தனை முறை விழுந்தது இதனால்தான். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. பழுதைத் தேடாமல் அதன் வாயைக் கட்டிவிட்டு 150 வெள்ளி வாங்கிப் போயிருக்கிறார் அந்த ஆள். பேரப் பிள்ளைகள் குளிக்கும் வீடு அது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஆணையத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனுப் போடுகிறோம். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும், எங்களிடம் இருக்கும் ரசீதில் ஒரு போன் நம்பர் மட்டும்தான். முன்பணம் கொடுக்கும்போதே கம்பெனிப் பதிவு எண்ணும் முகவரியும் உள்ள ரசீது வாங்குங்கள். போராங் ஜி, போராங் எச் இரண்டும் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

இந்தப் பக்கத்தில் இன்னும் சில வீடுகளிலும் இதே ஆள் வயரிங் செய்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். சமீபத்தில் வேலை செய்திருந்தால் இன்றைக்கே அந்த டி பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நெம்புகோல் விழாவிட்டாலும், விழுந்தும் வீட்டில் கரண்ட் நிற்காவிட்டாலும், மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுப் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை ஹீட்டர் பக்கமே போக வேண்டாம்.